சூரத் சேலையும் இரண்டு டாக்டர்களும்

தொண்ணூற்று நான்காம் வருஷம் ஆவணியில் எங்களுக்குக் கல்யாணம். மாதம் முடிவதற்குள் கிளினிக்கும் திறந்துவிட்டோம். கோயம்புத்தூரின் பழைய பகுதியில், ஜவுளிக்கடைகள் தோளோடு தோள் இடித்து நிற்கும் தெருவில், ஒரு கடைக்கு மேலே ஒரே அறை. நடுவில் பச்சைத் திரை. இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். வெளியே இரண்டு பெஞ்சு. இவ்வளவுதான் எங்கள் ஆஸ்பத்திரி.

கீழே இருந்த ஜவுளிக்கடையும் மேலே எங்கள் அறையும் ஒருவருக்கே சொந்தம். தெருவே அவரைப் பாய் என்று கூப்பிட்டது, நாங்களும் அப்படியே. ஐம்பது வயதிருக்கும். அவர் சிரித்தால் எங்கள் அறைத் தரை அதிரும். நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்திருக்கும்போது கீழே அவர் சிரித்துவிட்டால் மறுபடி முதலிலிருந்து கேட்க வேண்டும்.

நானும் என் கணவரும் ஒரே மருத்துவக் கல்லூரி. அவர் ஒரு வருஷம் சீனியர். மற்றவர்கள் சினிமாவுக்குப் போய்க் காதலித்தார்கள், நாங்கள் வாக்குவாதம் செய்து காதலித்தோம். நூலகப் படியில் உட்கார்ந்து ஒரு காய்ச்சலைப் பற்றி ஆரம்பித்தால் ஹாஸ்டல் கேட் பூட்டுகிற நேரம் வந்துவிடும். கல்லூரியில் ‘வா, போ’ என்று பேசினோம். கல்யாணத்துக்குப் பின் வெள்ளகோவிலில் மாமியார் முன்னால் ‘வாங்க, போங்க’. கொங்குப் பக்கம் சண்டை போட்டாலும் ‘ங்க’ சேர்த்துத்தான் போடுவார்கள் என்பதால் எனக்கு அது சிரமமாகவே இல்லை.

புரட்டாசி பிறந்த சமயம் சூரத்திலிருந்து செய்தி வந்தது. பிளேக். ஜனங்கள் ரயில் ரயிலாக ஊரைவிட்டு ஓடுகிறார்கள் என்று டிவியில் காட்டினார்கள். மூக்கில் கைக்குட்டை கட்டிய முகங்கள். மறுநாள் காலையில் எங்கள் பெஞ்சில் இருந்தவர்களுக்கு வேறு பேச்சே இல்லை.

மூட்டுவலிக்காக வந்திருந்த ஓர் அம்மா முழங்காலை நீட்டியபடியே கேட்டார். “ஏனுங்கம்மா, சூரத்துல வந்திருக்கிறது நெசமாலுமே பிளேக்குங்களா?”

“இன்னும் உறுதியாகலைங்க” என்றேன்.

“பிளேக்தானுங்க” என்றது திரைக்கு அந்தப் பக்கத்துக் குரல்.

அம்மா திரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

“மைக்ராஸ்கோப்புல பார்த்ததை வெச்சுச் சொல்றாங்க. கிருமியை வளர்த்துப் பார்த்தாத்தான் நிச்சயம் பண்ண முடியும்” என்றேன், கொஞ்சம் சத்தமாகவே.

“வளர்ற வரைக்கும் சீக்கு காத்துக்கிட்டு இருக்காதுங்க, டாக்டர்.”

“காத்திருக்காதுதான். அதுக்காகப் பேரை அவசரப்பட்டு வைக்கணுமுங்களா, டாக்டர்?”

பெஞ்சிலிருந்தவர்கள் எழுந்து வந்து வாசலில் நின்றுகொண்டார்கள். திரையை நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் பேசினோம். அவர் கட்சிக்கு நல்ல நியாயம் இருந்தது. திடீர்க் காய்ச்சல், இருமலில் ரத்தம், ஓரிரு நாளில் மரணம். சளியை எடுத்துச் சாயமேற்றிப் பார்த்தால் இரண்டு முனையும் கறுத்து, சேஃப்டி பின் போல் தெரியும் கிருமி. டெட்ராசைக்ளின் மாத்திரை சாப்பிட்டவர்கள் பிழைக்கிறார்கள். வேறென்ன வேண்டும் என்றார் அவர். சேஃப்டி பின் போல் தெரிகிற கிருமிகள் வேறும் உண்டு என்றேன் நான். அதோடு, இருமலில் பரவுகிற பிளேக் என்றால் பக்கத்தில் இருந்து கவனித்த வீட்டாரும் நர்சுகளும் அடுத்தடுத்து விழுந்திருக்க வேண்டுமே, ஏன் அவ்வளவாக விழவில்லை? இதே கேள்விகளைத்தான் டில்லியிலும் பம்பாயிலும் பெரிய டாக்டர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேப்பரில் இரண்டு பக்கமும் வந்தது.

எங்களுக்கு அது இன்பமான காலை. மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டும் தொடர்ந்தோம். கேட்டுக்கொண்டிருந்தவர்களுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று இருவருமே யோசிக்கவில்லை.

இரண்டு நாளில் தெரிந்தது. ஒரு ஆட்டோ தெருவில் வந்து நின்றது. மேலே குழாய் ஒலிபெருக்கி, பின்சீட்டு முழுக்கத் தகர டப்பாக்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மனிதர் மைக்கைப் பிடித்தார்.

“தாய்மார்களே! டாக்டர்களே அடிச்சுக்கறாங்க! ஒருத்தரு பிளேக்குங்கறாரு, ஒருத்தரு இல்லீங்கறாரு! அவிகளுக்கே தெரியாதப்ப உங்களுக்கு என்னத்தைச் சொல்லுவாங்க? நம்ம பொடிக்கு அந்தச் சந்தேகமே இல்லீங்க! காலைல ஒரு கரண்டி, சாயந்திரம் ஒரு கரண்டி. எந்தப் பிளேக்கும் அண்டாது!”

அவர் எங்களைக் குறிவைத்துச் சொல்லவில்லை, எங்களைத் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. ஆனால் எங்கள் பெஞ்சில் இருந்தவர்களே இறங்கிப் போய் வாங்கினார்கள். மூட்டுவலி அம்மா டப்பாவோடு மறுபடி மேலே வந்து, மாத்திரைச் சீட்டை வாங்கும்போது வருத்தத்தோடு சொன்னார். “உங்க மேல நம்பிக்கை இல்லாம இல்லீங்கம்மா. நீங்க ரெண்டு பேரும் ரெண்டு சொல்றீங்க. அவரு ஒண்ணே ஒண்ணு சொல்றாருங்க. அதான்.”

இன்னும் சிலர் டெட்ராசைக்ளின் எழுதித் தரச் சொல்லி வந்தார்கள். ஊரில் மருந்துக்கடைகளில் அது தீர்ந்துகொண்டிருந்தது. தும்மல்கூட இல்லாதவர்கள் அதை மிட்டாய் மாதிரி விழுங்கிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவருமே எழுதித் தர மறுத்தோம். வந்தவர்கள் கோபத்தோடு இறங்கிப் போனார்கள்.

அன்று மாலை என் கணவர் சொன்னார். “நம்ம சண்டையை ஊட்டோட வெச்சுக்கலாம். இங்கே ஒரே பேச்சாப் பேசிப்போடலாம். ஜனங்க குழம்பறாங்க.”

எனக்கும் சரியென்றுதான் பட்டது. மறுநாள் காலை முதல் நோயாளி ஒரு தறிக்காரர். சூரத்தைப் பற்றிக் கேட்டார். “பிளேக்தானுங்க” என்றேன் நான், வாய் நிறைய.

அவர் என்னை உற்றுப் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, “அன்னைக்கு இல்லைன்னீங்களாமே. யாராச்சும் மிரட்டினாங்களா அம்மணி?” என்றார்.

திரைக்கு அந்தப் பக்கம் என் கணவர் சிரிப்பை அடக்கப் பார்த்து இருமினார். இருமல் சத்தம் கேட்டதும் தறிக்காரர் எழுந்து நின்றுவிட்டார். அத்தோடு எங்கள் ஒற்றுமை முடிந்தது.

அந்த வாரமே பாயின் தீபாவளிச் சரக்கு வந்தது. லாரியில் பெரிய பெரிய கோணிக்கட்டுகள். ஒவ்வொன்றிலும் சூரத் என்று கறுப்பு மையில் எழுதியிருந்தது. சுமை இறக்குகிறவர்கள் அந்த எழுத்தைப் பார்த்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றுகொண்டார்கள். பொள்ளாச்சியில் சூரத் சேலை கட்டிய ஒரு பெண் அன்று சாயந்திரமே செத்துப்போனாள் என்று ஒருவர் சொன்னார். உடுமலையில் என்றார் இன்னொருவர். லாரிக்காரர் இறக்கினால் இறக்குங்கள், இல்லையென்றால் திருப்பிக்கொண்டு போகிறேன் என்று ஹாரன் அடித்தார். தெருவில் கூட்டம் கூடிவிட்டது.

பாய் படியேறி வந்தார். முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை.

“ஏனுங்க டாக்டரே, நீங்க ரெண்டு பேரும் எதுல சண்டை போடறீங்கன்னு இந்தத் தெருவுக்கே தெரியும். எதுல ஒத்துப்போறீங்கன்னு ஒருத்தருக்கும் தெரியாது. எனக்கு அதைச் சொல்லுங்க. கீழே லாரி நிக்குது.”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யாருமே அதுவரை எங்களை அப்படிக் கேட்டதில்லை, நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை. சொல்ல ஆரம்பித்தால் நிறைய இருந்தது. அது பிளேக்கோ வேறு கிருமியோ, சேலை கட்டுவதால் வராது. ஆள் இருமினால் பரவும், எலியும் எலிமேல் இருக்கும் தெள்ளுப்பூச்சியும் பரப்பும். ஆகவே கட்டுக்குள் எலியோ தெள்ளோ இருக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். பூச்சிமருந்து தூவிப் பிரித்து, நல்ல வெயிலில் காயவைத்துவிட்டால் பயமில்லை. சும்மா இருக்கிறவர்கள் டெட்ராசைக்ளின் விழுங்கக் கூடாது. காய்ச்சலோடு இருமலில் ரத்தம் வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கக் கூடாது. அவர் ஒன்று சொல்ல, நான் அடுத்ததைச் சொல்ல, வாக்குவாதத்தில் வராத வேகம் அதில் வந்தது.

“இவ்வளவுக்கு ஒத்துப்போறீங்களா?” என்றார் பாய். “அப்புறம் எதுக்குத்தானுங்க சண்டை?”

“சீக்குக்குப் பேரு என்னங்கறதுல” என்றார் என் கணவர்.

பாய் சிரித்துவிட்டார். தரை அதிர்ந்தது.

சொன்னால் மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றியது. சேலை முந்தானையை இடுப்பில் செருகி, புழுதிக்காகவும் பூச்சிமருந்துக்காகவும் மூக்கில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். என் கணவரும் கட்டிக்கொண்டார். பாயும் கடைப் பையன்களும் வந்தார்கள். கட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கிப் படிவழியே மொட்டைமாடிக்கு ஏற்றினோம். சுமை இறக்குகிறவர்கள் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு வெட்கப்பட்டோ, நாங்கள் தூக்குகிற லட்சணத்தைப் பார்க்கப் பொறுக்காமலோ, ஒருவர் வந்தார். “தள்ளுங்கம்மா, முதுகு புடிச்சுக்கப்போகுது” என்று என் கையிலிருந்ததை வாங்கிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துப் பொடிக்காரரின் ஆட்டோ வந்தது. கூட்டத்தைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம். மைக்கைப் பிடித்து அதே வசனத்தை ஆரம்பித்தார். நான் மூக்குத் துண்டை இறக்கிவிட்டு ஆட்டோ பக்கம் போனேன்.

“ஏனுங்க, ஒரு சந்தேகம். இந்தப் பொடியைச் சாப்பிட்டும் ஒருத்தருக்குச் சீக்கு வந்துட்டா, பொடி சரியில்லைன்னு ஒத்துக்குவீங்களா?”

“வராதுங்கம்மா.”

“வந்தா?”

“வந்தா, அவரு பத்தியம் இருந்திருக்க மாட்டாரு.”

“பத்தியமும் இருந்து வந்தா?”

“நம்பிக்கை இல்லாமச் சாப்பிட்டிருப்பாருங்க.”

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். என் கணவர் லாரி மேலிருந்தே கேட்டார். “நீங்க சொல்லுங்க, டாக்டர். எது நடந்தா நீங்க சொன்னது தப்புன்னு ஒத்துக்குவீங்க?”

“கிருமியை முறையா வளர்த்து, பிளேக் கிருமிதான்னு காட்டிட்டாங்கன்னா ஒத்துக்குவேனுங்க. நீங்க?”

“வளர்த்துப் பார்த்து வேற ஏதாச்சும் வந்தா நான் தப்புங்க.”

பாய் பூச்சிமருந்து அப்பிய கையோடு முன்னால் வந்தார். “இதப் பாருங்க. நான் சாயம் போகாத சேலைன்னு சொல்லி விக்கறேன். போச்சுன்னா திருப்பிக் கொண்டாங்கன்னு சொல்றேன். சாயம் போனா நீ தண்ணியில நம்பிக்கை இல்லாம அலசிப்போட்டேன்னு சொன்னா யாராச்சும் எங்கடைக்கு வருவாங்களா?”

தெருவே சிரித்தது. பொடிக்காரரும் சிரித்தார், அதைச் சொல்ல வேண்டும். வியாபாரி அல்லவா. ஆட்டோ அடுத்த தெருவுக்குப் போனது. அங்கே அவருக்கு நல்ல விற்பனை என்று பிறகு கேள்விப்பட்டேன். எங்கள் தெருவிலேயே இரண்டு பேர் ஓடிப்போய் வாங்கி வந்தார்கள். ஒரு கேள்வியால் உலகம் திருந்திவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான்.

ஆனால் எனக்குள் ஒன்று தெளிந்தது. நானும் அவரும் எதிரெதிராக நின்றாலும் ஒரே சோதனையின் முடிவுக்காகக் காத்திருந்தோம். அது வந்தால் இருவரில் ஒருவர் இறங்கி வருவோம். பொடிக்காரரை இறக்கிவிட உலகத்தில் எந்தச் சோதனையாலும் முடியாது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. நல்ல வெயில். கட்டுகளில் எலியும் இல்லை, தெள்ளும் இல்லை. கட்டுக்கு நாலைந்து சேலையாக எடுத்து உதறிப் பார்ப்பது என்று ஆரம்பித்து, பாய் உற்சாகத்தில் எல்லாவற்றையும் பிரித்துவிட்டார். மொட்டைமாடி முழுக்கக் கயிறு கட்டிச் சேலைகள். கிளிப்பச்சை, கத்தரிப்பூ நிறம், மாம்பழ மஞ்சள், பெரிய பெரிய பூப்போட்டது, பொட்டுப்பொட்டாக இருந்தது. காற்றடித்தால் நூறு பெண்கள் கூட்டமாக நடந்து போவது மாதிரி இருக்கும். நான் நடுவில் நின்று, விழுகிறவற்றை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். கீழே கடையில் போன் அடித்துக்கொண்டே இருந்திருக்கிறது. எல்லோரும் மேலே இருந்ததால் யாருக்கும் கேட்கவில்லை.

தெருவில் ஒரு வேன் வந்து நின்றது. ஒப்பாரிச் சத்தம் கேட்டது. யார் வீட்டிலோ சாவு போலிருக்கிறது என்று கைப்பிடிச்சுவரில் எட்டிப் பார்த்தேன். வேனிலிருந்து இறங்கியது என் மாமியார். பின்னால் மாமனார். அவர்களுக்குப் பின்னால் வெள்ளகோவில் ஒறம்பரை முழுவதும், என் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அத்தனை உறவினர்களும்.

“அத்தை!” என்று மேலிருந்து கத்தினேன். “யாருக்கு என்னாச்சுங்க?”

மாமியார் நிமிர்ந்து பார்த்தார். மார்பில் அடித்துக்கொண்ட கை அப்படியே நின்றது. “அம்மணி! நீ இருக்கிறயா கண்ணு?”

அவர் அந்தப் படிகளை ஏறி வந்த வேகத்தை நான் இன்றைக்கும் நம்ப மாட்டேன், அவரும் எங்களிடம் மூட்டுவலிக்கு மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தவர்தான். வந்து என் கன்னத்தைத் தடவி, கையைத் தடவி, தோளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு கட்டிக்கொண்டு அழுதார். அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது அவருக்கு. என் கணவர் சேலைகளுக்கு நடுவிலிருந்து தலையை நீட்டி, “எப்பம்மா வந்தீங்க?” என்றார். மாமியார் திரும்பி அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார்.

மாமனார் மெதுவாக விஷயத்தைச் சொன்னார். காலையில் அவர்கள் எண்ணெய் மில்லுக்கு வந்த ஒருவர், காங்கயத்தில் கேள்விப்பட்டதாகச் சொல்லியிருக்கிறார். காங்கயத்துக்கு அது பல்லடம் டீக்கடையிலிருந்து வந்திருந்தது. பல்லடத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து. துணிக்கடைக்கு மேலே இருக்கிற டாக்டரம்மா சூரத் சேலையைத் தொட்டாராம், மூக்கைக் கட்டித் தூக்கிக்கொண்டு போனார்களாம். கடைக்குப் போன் போட்டுப் பார்த்தால் யாரும் எடுக்கவும் இல்லை.

என் கணவர் முதலில் புரிந்துகொண்டார். “மூக்கைக் கட்டிக்கிட்டு, சேலையைத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. இவதானுங்கப்பா தூக்கிக்கிட்டுப் போனது!”

ஒரு சொல் பல்லடத்துக்கும் காங்கயத்துக்கும் இடையில் எங்கோ விழுந்துவிட்டது. அதில் நானும் விழுந்துவிட்டேன். பொள்ளாச்சியில் செத்ததாகச் சொன்ன பெண்ணும் இப்போது எங்காவது மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருப்பாள் என்று நினைத்தபோது எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. பாய் சிரித்த சிரிப்பில் புறாக்கள் பறந்துபோயின.

அழ வந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார்கள். பெண்கள் முதலில் தயங்கினார்கள். பிறகு ஒரு சின்னம்மா கத்தரிப்பூச் சேலையின் ஓரத்தைத் தொட்டார்.

மாமியார் மகனிடம் கேட்டார். “இதைக் கட்டினா ஒண்ணும் ஆகாதாடா?”

“ஆகாதும்மா.”

“நீ இப்படிச் சொன்னா அவ அப்படிம்பாளே?” என்று என்னைப் பார்த்தார்.

“இதுல நாங்க ரெண்டு பேரும் ஒண்ணுதானுங்க, அத்தை.”

“அப்ப சரி” என்றார் மாமியார். “நீங்க ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னா அதுக்கு மேல பிரம்மாவே வந்து சொல்லணுமாக்கும்.” மாம்பழ மஞ்சள் சேலையைக் கயிற்றிலிருந்து உருவித் தோளில் போட்டுக்கொண்டார்.

ஒரு மணி நேரத்தில் கயிறு பாதி காலியாகிவிட்டது. பாய் வீட்டிலிருந்து எல்லோருக்கும் தக்காளிச் சாதமும் வெங்காயப் பச்சடியும் வந்தன. புரட்டாசி என்பதால் பிரியாணி இல்லை என்று அவர் ரொம்ப வருத்தப்பட்டார். என் மாமனார் அவரைவிட அதிகம் வருத்தப்பட்டார். சாப்பிட்டுவிட்டு அவர்களை அனுப்ப இறங்கினபோது வேனின் பின்சீட்டில் ஒரு பெரிய ரோஜா மாலை இருந்ததைப் பார்த்தேன். மாமியார் புதுச் சேலைப் பொட்டலத்தை அதன்மேல் வைத்து மறைத்தார்.

அந்தத் தீபாவளிக்குப் பாயின் கடையில் கூட்டம். வெள்ளகோவிலிலிருந்தும் காங்கயத்திலிருந்தும் ஆட்கள் வந்து, “அந்த டாக்டரம்மா செத்துப் பொழைச்ச சேலை இருக்குதுங்களா?” என்று கேட்டார்கள். பாய் ஒருவருக்கும் மறுத்துச் சொல்லவில்லை. நான் கீழே போய்ச் சண்டை பிடித்தேன். “இதுவும் வதந்திதானுங்க பாய்.” அவர் கையெடுத்துக் கும்பிட்டு, இனிச் சரியாகச் சொல்லிவிடுவதாக வாக்குக் கொடுத்தார். வாக்கைக் காப்பாற்றினாரா என்று தெரியாது.

மாதங்கள் சில கழிந்து, கிருமியை வளர்த்து ஆராய்ந்த நிபுணர்கள் அது பிளேக்தான் என்ற முடிவுக்கு வந்தார்கள். பேப்பரை என் கணவர்தான் முதலில் பார்த்தார். துள்ளிக் குதிப்பார் என்று எதிர்பார்த்தேன். பேசாமல் மடித்து என் மேஜையில் வைத்துவிட்டுத் திரைக்கு அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டார். அந்த மௌனத்துக்காகவே இன்னொரு தடவை அவரைக் கல்யாணம் செய்துகொள்ளலாம் போலிருந்தது.

பெஞ்சில் ஆறேழு பேர் இருந்தார்கள். நான் எழுந்து எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். “சூரத்துல வந்தது பிளேக்தானுங்க. டாக்டர் சொன்னதுதான் சரி. நான் நெனச்சது தப்பு.” சொல்லும்போது துக்கமாகவே இல்லை. ஒரு கணக்குக்கு விடை கண்ட மாதிரி இருந்தது.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. “ஆனா டாக்டர் கேட்ட கேள்வி நல்ல கேள்விங்க. பக்கத்துல இருந்தவங்களுக்கு ஏன் அவ்வளவாப் பரவலைன்னு எனக்கும் இன்னும் முழுசாப் புரியலைங்க.”

ரத்த அழுத்தத்துக்காக வந்திருந்த ஒரு லாரி டிரைவர் கையைத் தூக்கினார். “ஏனுங்கம்மா, தப்புன்னு ஒத்துக்கற டாக்டரை இன்னைக்குத்தான் பார்க்கறேன். சந்தோசமுங்க. ஆனா ஒண்ணு கேக்கணும். போன வாரம் எனக்கு உப்பை அறவே நிறுத்தச் சொன்னீங்களே, அதுவும் தப்பா இருக்குமுங்களா?”

“அதுல சந்தேகமே இல்லீங்க, குறைச்சே ஆகணும்” என்றேன்.

“குறைக்கணும், சரிதான்” என்றது திரை. “அறவே நிறுத்தணுமான்னு கேட்டா...”

டிரைவர் பெஞ்சை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டு பக்கமும் கேட்கிற மாதிரி நடுவில் உட்கார்ந்தார்.